கருப்பியின் தும்மலும் முத்துவின் சளியும்

எங்கள் வீட்டில் இரண்டு முயல்கள். கருப்பி வந்து மூன்று வருடம் ஆகிறது. முத்துவைச் சந்தையில் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புதிதாக வரும் முயலை இரண்டு மூன்று வாரமாவது தனி அறையில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தனியாகக் கிடக்கிறதே, பாவம் என்று நான்காம் நாளே கருப்பியின் பக்கத்துக் கூண்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அடுத்த வாரமே இரண்டும் தும்ம ஆரம்பித்தன. கூண்டுத் தட்டில் செய்தித்தாளை விட்டுவிட்டு மரக்கடைத் தூள் போடத் தொடங்கியதும் அதே வாரம்தான். தூசு ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி என்று நான் முடிவு கட்டினேன். அம்மாவோ, "சளி பிடிச்சிருக்குடா, ஒண்ணுகிட்டேர்ந்து இன்னொண்ணுக்குத் தொத்திக்கிச்சு" என்றார். யார் சொல்வது சரி என்று பார்க்கப் பழைய நோட்டு ஒன்றை எடுத்தேன். காலையில் அரை மணி, இரவில் அரை மணி உட்கார்ந்து தும்மலை எண்ணுவது என்று திட்டம்.

முதல் நாள் கருப்பி 11, முத்து 14. இதை வைத்து என்ன சொல்ல முடியும்?

இரண்டாம் நாள் மரத்தூளை மட்டும் அள்ளிக் கொட்டினேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் குறைந்தது என்றே தெரியாமல் போய்விடும். ஐந்தாம் நாள் கருப்பி 4, முத்து 15. வெள்ளிக்கிழமை அம்மா வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டார். அன்று இரவு கருப்பி 9. மறுநாள் 3. ஆக, கருப்பி விஷயத்தில் நான் சொன்னது சரி. தூளும் புகையும்தான் அவளுக்கு ஆகவில்லை. இதைக் கறாராக அலர்ஜி என்பதா, மூக்கு எரிச்சல் என்பதா என்று பிரித்துச் சொல்ல வீட்டில் வழியில்லை. காரணத்தை எடுத்தால் நிற்கிறது, திரும்ப வைத்தால் வருகிறது. எனக்கு அது போதும்.

முத்துவுக்கு எதை எடுத்தும் குறையவில்லை. அவனைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தேன். மூக்கு சுத்தமாகத்தான் இருந்தது. அங்கேதான் ஏமாந்தேன். முயல் மூக்கொழுகினால் முன்னங்காலால் துடைத்துக்கொண்டே இருக்கும், அதனால் மூக்கை மட்டும் பார்த்துப் பயனில்லை. காலைத் திருப்பிப் பார்த்தபோது உள்பக்க முடி கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்து ஒட்டிப்போயிருந்தது. கருப்பிக்கு வந்ததெல்லாம் தண்ணீர் மாதிரி இருந்தது, கால் முடியும் பஞ்சாகவே இருந்தது. இரண்டு நாளில் முத்துவின் மூக்கிலேயே வெள்ளைச் சளி கட்டியாகத் தெரிந்தது. ஒரு கண்ணில் நீர். தீனியாகப் போட்ட வேலிமசால் செடியில் இலையைத் தின்றுவிட்டுத் தண்டை அப்படியே விட்டிருந்தான்.

தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினேன். கருப்பிக்கு நிமிடத்துக்கு 44, முத்துவுக்கு 72. சும்மா இருக்கும் முயலுக்கு 30 முதல் 60 வரை இருக்கலாம். வெயிலிலும் பயத்திலும் கூடும் என்பதால் விடியற்காலையில் இன்னொரு முறை எண்ணினேன். அப்போதும் 68. முயல் மூக்கால்தான் மூச்சு விடும். வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டால் நோட்டும் கணக்கும் வேண்டாம், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பெரிய தப்பு செய்யப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அண்ணன், குழந்தைக்கு வாங்கி மீந்த அமாக்சிசிலின் என்ற பென்சிலின் வகை சிரப்பை எடுத்து நீட்டினார். மூடியைத் திறந்தும் விட்டேன். அப்புறம் ஏதோ தோன்றி டாக்டருக்குப் போன் செய்தேன். நல்ல வேளை. பென்சிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் முயல் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, கெட்டவை பெருகி, அந்த நஞ்சிலேயே முயல் போய்விடுமாம்.

டாக்டர் முதலில் பல்லைப் பார்த்தார். கடைவாய்ப் பல்லின் வேர் வளர்ந்து கண்ணீர்க் குழாயை அழுத்தினாலும் கண்ணும் மூக்கும் ஒழுகும் என்றார். பல்லில் கோளாறு இல்லை. மூக்குக்குள் பஞ்சுக் குச்சி விட்டுச் சளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற கிருமி இருப்பதாக வந்தது. அதற்கு என்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து 14 நாள்.

நான் கேட்க மறந்த ஒன்றை அவரே கேட்டார்: "கூண்டுப் பக்கம் குனிஞ்சா கண் எரியுதா?" எரியும். முத்துவின் தட்டை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா மூக்கின் உள்தோலை அரித்துவிடும், மூக்கில் சும்மா தங்கியிருந்த கிருமி அதன்பிறகு கிளம்பிவிடும் என்றார். அப்படியானால் தொற்றா, எரிச்சலா என்று நான் இரண்டு பக்கமாகக் கோடு போட்டுப் பிரித்ததே அரைகுறைதான். கருப்பியின் எரிச்சலை அப்படியே விட்டிருந்தால் அவளும் முத்து மாதிரி ஆகியிருக்கலாம்.

இப்போது ஐந்தாவது வாரம். முத்து வேறு அறையில் இருக்கிறான். கருப்பிக்குத் தீனி வைத்த பிறகுதான் அவனிடம் போவேன், அவனுக்கென்று தனித் தட்டு, தனித் துடைப்பம். மூச்சு 50க்கு வந்துவிட்டது, கால் முடியும் காய்ந்துவிட்டது. ஆனால் இந்தக் கிருமி முழுசாகப் போவது அபூர்வம், மழைக்காலத்தில் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கருப்பிக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கவும் கூடும், அதனால் தினமும் அவள் முன்னங்காலைத் திருப்பிப் பார்க்கிறேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை, இரண்டு முறை கடித்துவிட்டாள். காய்ந்த புல்லை மொட்டைமாடியில் உதறிவிட்டுத்தான் கொண்டுவருகிறேன். சாம்பிராணி மட்டும் இன்னும் தீரவில்லை. வாசல் பக்கம் மட்டும் போடுவதாக அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார், ஆடி வெள்ளி வரும்வரைக்கும்.