அண்ணாந்து பார்த்தவர்கள் வைத்த பெயர்

அலாஸ்காவில் 6,190 மீட்டர் உயரத்தில் நிற்கிற மலைக்கு அங்குள்ள பழங்குடிகளான கொயுகான் மக்கள் வைத்த பெயர் டெனாலி. 'உயர்ந்தது' என்று பொருள். அதே மலையைத் தெற்குப் பக்கம் வாழும் டெனாய்னா மக்கள் தங்கள் மொழியில் 'பெரிய மலை' என்பார்கள். தினமும் அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு வேறு எப்படிச் சொல்லத் தோன்றும்?

1896-இல் தங்கம் தேடிப் போன ஒருவர் அதற்கு மெக்கின்லி என்று பெயர் சூட்டினார். அந்த மெக்கின்லி அப்போது அமெரிக்க அதிபர் தேர்தல் வேட்பாளர். கடைசிவரை அலாஸ்காவில் கால் வைத்ததே இல்லை! 2015-இல் டெனாலி என்ற பெயர் அரசு ஏட்டில் திரும்ப வந்தது. 2025 ஜனவரியில் மறுபடி மெக்கின்லி என்று உத்தரவு. படித்தபோது மனசு கனத்துப் போனது. அங்கே ஊர்ப் பேச்சில் அது இன்னும் டெனாலிதான்.

எவரெஸ்ட் கதையும் இப்படித்தான். திபெத்தியர்களுக்கு அது எப்போதோ சோமோலுங்மா. பிரிட்டிஷ் இந்தியாவில் தலைமை நில அளவையாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரை அதற்கு வைக்க நினைத்தார்கள். இந்திய மக்களால் தன் பெயரை உச்சரிக்க முடியாது என்று அவரே மறுப்புச் சொன்னார். ஆனாலும் 1865-இல் அதையே வைத்துவிட்டார்கள்.

சரி, ஒரு நல்ல சேதியும் உண்டு. நியூசிலாந்தில் 1770-இல் கேப்டன் குக் ஒரு மலைக்கு எக்மாண்ட் பிரபுவின் பெயரை வைத்தார். மாவோரிகளுக்கு அது தரானாக்கி. ரொம்ப காலம் இரண்டு பெயரும் சேர்ந்தே இருந்தன. 2025-இல் எக்மாண்டை எடுத்துவிட்டார்கள். இப்போது சட்டப்படியும் அது 'தரானாக்கி மௌங்கா'. மௌங்கா என்றால் மாவோரியில் மலை.