ஹவுரா போவதற்கு முன்

டிசம்பர் 29
கொல்கத்தாவில் படம் எடுக்க எனக்கும் அண்ணனுக்கும் ஹவுரா மெயிலில் டிக்கெட். வெயிட்டிங் லிஸ்ட் 41, 42. அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 30
மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். ஹூக்ளி ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. மல்லிக் காட் பூச்சந்தை கொல்கத்தா கரையில், ஹவுரா பாலத்தின் காலடியில். அங்கே நின்று பாலத்தைப் பார்த்தால் காலை வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து விழும். ரிவெட் ரிவெட்டாகத் தெரியும். 1943இல் திறந்த பாலம். நட்டு, போல்ட் கிடையாது, முழுக்க ரிவெட்தான். சூரியனுக்கு எதிரே பாலத்தைக் கறுப்பாக எடுக்க வேண்டுமென்றால் ஹவுரா கரைக்குப் போக வேண்டும். அதுவும் ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் பாலத்துக்கு வடக்கே நிற்க வேண்டும். ஒரே விடியலில் இரண்டும் நடக்காது. சூரியன் வருவது 6.15 வாக்கில்; சந்தையோ இருட்டிலேயே களை கட்டிவிடும். முதல் நாள் சந்தைதான். செண்டுமல்லிச் சரங்களைத் தலையில் அடுக்கிக்கொண்டு வரும் ஆட்கள், மேலே டியூப்லைட், பின்னால் கருநீல வானம். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்வை, 3200 வரை ஏற்றலாம்.

ஜனவரி 2
வெயிட்டிங் லிஸ்ட் 38. பனிமூட்டம் இருந்தால் பாலமே தெரியாது. இருக்கட்டும், ஆட்கள் தெரிவார்கள்.

ஜனவரி 4
டிராம்தான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. 1873இல் குதிரை இழுத்தது, 1902இல் மின்சாரம் வந்தது. 2024 செப்டம்பரில், மைதானம்–எஸ்பிளனேடு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப் போகிறோம் என்று அரசு சொல்லிவிட்டது. வழக்கு நடக்கிறது. அடுத்த வருஷம் போய்க்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அடுத்த வருஷம் தண்டவாளம் இருக்கும், மேலே தார் இருக்கும்.

ஜனவரி 8
குமார்துலி, களிமண்ணில் சாமி சிலை செய்கிறவர்களின் பேட்டை. 23ஆம் தேதி வசந்த பஞ்சமி, அவர்களுக்கு அன்றுதான் சரஸ்வதி பூஜை. நமக்கு நவராத்திரியிலேயே முடிந்துவிட்டது. நாங்கள் போகும் வாரம் அந்தச் சந்துகள் முழுக்க சரஸ்வதியாக இருப்பாள்: மூங்கில் சட்டம், வைக்கோல், களிமண், அப்புறம் வெள்ளைப் பூச்சு. குறுகிய சந்து, 35 லென்ஸ் போதும்.

பொம்மை செய்கிறவரிடம் கேட்டு எடுப்பதா, கேட்காமல் எடுப்பதா? கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். கேட்காமல் ஒருவரின் வேலைக்குள் கேமராவை நீட்ட எனக்குக் கை வராது. அண்ணன் என்றால் முதலில் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவான். அரை மணி நேரம் கேமரா பையிலேயே கிடக்கும். அப்புறம் அவர்களே மறந்துவிடுவார்கள். கைகளை அவன் மாதிரி எடுத்தவர்களை நான் பார்த்ததில்லை. கண் எழுதும் விரல்களை அவன்தான் எடுக்க வேண்டும்.

போன ஆடியிலிருந்து கேமராவை அவன் தொடவே இல்லை.

ஜனவரி 9
“தாதா, ஏக்டா சோபி துலி?” அண்ணா, ஒரு படம் எடுக்கட்டுமா என்று வங்காளத்தில். குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஜனவரி 12
19, 20. அண்ணியிடம் பேசினேன். சாப்பிடுகிறானாம், தூங்குகிறானாம். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

ஜனவரி 15
பொங்கலுக்கு வீட்டுக்குப் போனேன். கொல்கத்தா பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கிளம்பும்போது அண்ணன் என் பையைத் திறந்து பார்த்தான், மூடிவிட்டான்.

ஜனவரி 16
ஆர்ஏசி. பேட்டரி மூன்றையும் சார்ஜ் போட்டாயிற்று. இருவருக்கும் லாட்ஜ் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 17
காலையில் அண்ணன் போன். வருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டிராமுக்கு ஷட்டர் என்ன வைக்கப் போகிறாய் என்று கேட்டான். 1/15 செகண்டு என்றேன். “அது மெதுவாத்தான்டா போகும். 1/8லயும் எடுத்துப் பாரு” என்றான். அப்புறம் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டான். சொன்னேன்.

சார்ட் இன்னும் வரவில்லை.