கட்டத்தில் லேபிள்களை அடுக்குதல்: செய்முறைத் தேர்வு எழுதுவோருக்கு என் அனுபவம்

வரைகலை இடைமுக நிரலாக்கச் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த வினா பார்வைக்கு எளிமையானது. 4 வரிசை, 5 நெடுவரிசை கொண்ட கட்டத்தில் 20 லேபிள்களை, அதாவது எழுத்தைக் காட்டும் சிறு பெட்டிகளை, அடுக்க வேண்டும். அவற்றில் ஒன்றைச் சொடுக்கினால் அந்த லேபிளும், அதே வரிசையிலும் அதே நெடுவரிசையிலும் இருக்கும் மற்றவையும் நிறம் மாற வேண்டும். பைத்தானில் டிகின்டர் என்ற இடைமுக நூலகத்தைக் கொண்டு எழுதினேன். அடுக்கும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்து, திரையில் கட்டம் ஒழுங்காக நின்றது. மீதி நேரம் முழுவதும், அடுக்கிய லேபிள்களை நிறம் மாற்றுவதற்காக அணுகும் பகுதியிலேயே கழிந்தது; அப்படியும் அது நிறைவு பெறவில்லை. இதே தேர்வுக்குத் தயாராகிறவர்கள் அடுக்குவதையே முழு வேலையாக எண்ணிப் பயிற்சி செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். கணக்குப் பாடத்தில் அணியைப் படிக்கும்போது நிரை, நிரல் என்கிறோம். ஆனால் கணினிப் பாடத்தில் நிரல் என்றால் புரோகிராம். குழப்பம் வேண்டாம் என்பதால் வரிசை, நெடுவரிசை என்றே எழுதுகிறேன்.

என்னுடைய முதல் பிழை இது. லேபிளை உருவாக்குவதையும், அதைக் கட்டத்தில் வைக்கும் கிரிட் மெத்தடை அழைப்பதையும் ஒரே வரியில் சங்கிலியாக எழுதி, அதன் விளைவைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். கிரிட் மெத்தட் லேபிளைத் திருப்பித் தருவதில்லை. நன் என்ற வெற்று மதிப்பைத்தான் தருகிறது. திரையில் 20 லேபிள்கள் இருந்தன. பட்டியலில் 20 நன்கள் இருந்தன. நிறத்தை மாற்ற முயன்றதும், நன் வகைக்குக் கான்ஃபிக் என்ற பண்பு இல்லை என்று பிழைச்செய்தி வந்தது. கட்டம் கண்ணெதிரே சரியாகத் தெரிந்ததால், பிழை நிறம் மாற்றும் செயற்கூறில்தான் இருக்கிறது என்று நம்பி அங்கேயே நெடுநேரம் தேடினேன். திரையில் தெரிவது வேறு, நம் மாறியில் இருப்பது வேறு என்பதை அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. உருவாக்குவது ஒரு வரி, கிரிட் அழைப்பது அடுத்த வரி, பட்டியலில் சேர்ப்பது மூன்றாவது வரி என்று பிரித்து எழுதினால் இந்தச் சிக்கல் எழவே எழாது.

அதைச் சரிசெய்த பிறகு இரண்டாவது சிக்கல் வந்தது. இருபரிமாணப் பட்டியலை முன்கூட்டியே அமைத்துக்கொள்ள, 5 நன்கள் கொண்ட ஒரு பட்டியலை எழுதி, அதை இன்னொரு பட்டியலுக்குள் வைத்து 4-ஆல் பெருக்கியிருந்தேன். பைத்தானில் அந்தப் பெருக்கல் நான்கு புதிய பட்டியல்களை உண்டாக்குவதில்லை. ஒரே உள்பட்டியலை நான்கு முறை சுட்டுகிறது. ஆகவே லேபிள்களை ஒவ்வொன்றாக வைக்கும் லூப் ஓடி முடிந்தபோது கடைசி வரிசையின் லேபிள்களே நான்கு வரிசைகளிலும் இருப்பதாகப் பட்டியல் சொன்னது. மேல் வரிசையில் எதைச் சொடுக்கினாலும் அடி வரிசையில்தான் நிறம் மாறியது. வெளி லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒரு வெற்றுப் பட்டியலைத் தொடங்கி, அந்த வரிசையின் லேபிள்களை அதில் சேர்த்து, முடிவில் பெரிய பட்டியலில் இணைப்பதே நம்பகமான முறை.

இருபரிமாணப் பட்டியல் வேண்டாம், ஒரே நீளப் பட்டியல் போதும் என்பவர்களும் உண்டு. அதிலும் தவறில்லை, ஆனால் பட்டியலில் இடத்தைக் குறிக்கும் சுட்டெண்ணை எதனால் வகுப்பது என்பதில் கவனம் வேண்டும். எண்ணிக்கையை 0-இலிருந்து தொடங்கினால், 13-ஆம் சுட்டெண்ணை நெடுவரிசைகளின் எண்ணிக்கையான 5-ஆல் வகுக்கும்போது ஈவு 2, மீதி 3. ஆகவே அது வரிசை 2, நெடுவரிசை 3. வரிசைகளின் எண்ணிக்கையான 4-ஆல் தவறி வகுத்தால் ஈவு 3, மீதி 1 என்று வேறோர் இடத்தைக் காட்டும். பயிற்சியின்போது எப்போதும் 3-க்கு 3 கட்டத்தையே எடுத்துக்கொண்டால் இந்தத் தவறு வெளிப்படாது, ஏனெனில் இரண்டு எண்களும் ஒன்றே. நான் அப்படித்தான் பயிற்சி செய்திருந்தேன். சதுரமல்லாத கட்டத்தில் பயிற்சி செய்யுங்கள் என்பது இந்தக் கட்டுரையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று.

சொடுக்கலைப் பிடிப்பதற்கு வருவோம். பட்டனுக்கு இருப்பது போல லேபிளுக்குக் கமாண்ட் என்ற பண்பு கிடையாது. பைண்ட் மெத்தட் மூலம் சுட்டியின் இடது பொத்தான் நிகழ்வை இணைக்க வேண்டும். லூப்புக்குள் லாம்டா என்ற பெயரில்லாத சிறு செயற்கூறை எழுதி, அதில் வரிசை, நெடுவரிசை மாறிகளை அப்படியே பயன்படுத்தினால், எந்த லேபிளைச் சொடுக்கினாலும் வரிசை 3, நெடுவரிசை 4 என்றே போய்ச் சேரும். லாம்டா எழுதப்படும் நேரத்தில் மாறியின் மதிப்பை எடுத்து வைத்துக்கொள்வதில்லை. அழைக்கப்படும் நேரத்தில்தான் பார்க்கிறது. அப்போது லூப் முடிந்து, மாறிகள் கடைசி மதிப்பில் நிற்கின்றன. அவற்றை லாம்டாவின் முன்னிருப்பு அளபுருக்களாக (மதிப்பை முன்கூட்டியே கொடுத்துவைத்த உள்ளீடுகளாக) கொடுத்தால், அந்தந்தச் சுற்றின் மதிப்பு அங்கேயே பதிந்துவிடும். நிகழ்வுப் பொருளையும் பைண்ட் அனுப்புவதால், அதை ஏற்க முதலில் ஓர் அளபுரு வைக்க மறக்கக் கூடாது. அதே நிகழ்வுப் பொருளின் விட்ஜெட் பண்பிலிருந்து லேபிளைப் பெற்று, அதன் கிரிட் இன்ஃபோ மெத்தடிடம் இடத்தைக் கேட்பதும் நேர்மையான வழியே. கட்டத்தின் இடத்தைச் சொல்லி லேபிளைத் தேடித் தரும் கிரிட் ஸ்லேவ்ஸ் என்ற மெத்தடும் இருக்கிறது. அது தருவது லேபிளை அல்ல, பட்டியலை. எனக்கு நாமே சேமித்த பட்டியல்தான் பிடிக்கும்; விடைத்தாளைத் திருத்துகிறவருக்கும் அது எளிதாகப் புரியும்.

தோற்றம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே சட்டகத்துக்குள் பேக், கிரிட் என்ற இரண்டு அடுக்கும் முறைகளையும் கலக்கக் கூடாது. எழுத்து மாறும்போது நெடுவரிசையின் அகலமும் மாறிக் கட்டம் முழுவதும் அசையும். லேபிளுக்கு நிலையான அகலம் கொடுத்தால் அது நிற்கும். எழுத்துள்ள லேபிளில் அந்த அகலம் எழுத்துகளின் எண்ணிக்கையில் கணக்கிடப்படும், பிக்சலில் அல்ல. சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கினால் கட்டமும் விரிய வேண்டுமானால், வரிசைகளுக்கும் நெடுவரிசைகளுக்கும் கூடுதல் இடத்தைப் பங்கிடும் வெயிட் மதிப்பும், லேபிளைக் கட்டத்தின் ஓரங்களோடு ஒட்டவைக்கும் நான்கு பக்க ஸ்டிக்கியும் தர வேண்டும். வெயிட் முன்னிருப்பாக 0.

ஜாவாவில் எழுதுவோருக்கு வேறு பொறிகள் உண்டு. ஸ்விங் என்ற ஜாவா இடைமுக நூலகத்தின் கிரிட்லேஅவுட்டில் இடத்தைச் சொல்ல முடியாது. சேர்க்கும் முறைப்படியே லேபிள்கள் நிரம்பும். வரிசை, நெடுவரிசை இரண்டையும் பூச்சியமல்லாத எண்களாகக் கொடுத்தால், நெடுவரிசை எண் பொருட்படுத்தப்படாமல், வரிசை எண்ணையும் மொத்த உறுப்புகளையும் வைத்தே கணக்கிடப்படும். ஜேலேபிளின் பின்னணி நிறம் பொதுவாகத் தெரியாது. பின்னணியை வரையச் செய்யும் ஒபேக் பண்பை உண்மையாக்க வேண்டும். ஜாவாஎஃப்எக்ஸ் என்ற இன்னொரு ஜாவா நூலகத்தின் கிரிட்பேனில் ஆட் மெத்தடுக்கு நெடுவரிசையை முதலில் தர வேண்டும், கியூட்டி என்ற வேறோர் இடைமுக நூலகத்திலோ வரிசைதான் முதலில்.

மறுதேர்வில் 3 வரிசை, 7 நெடுவரிசைக் கட்டம் வந்தது. நிறத்தைத் தொடும் முன், ஒவ்வொரு லேபிளிலும் அதன் வரிசை எண்ணையும் நெடுவரிசை எண்ணையும் எழுத்தாகக் காட்டச் செய்தேன். பிறகு நான்கு மூலைகளையும் நடுவில் ஒன்றையும் சொடுக்கி, ஒவ்வொரு முறையும் நிறம் மாறியவற்றை எண்ணினேன்: வரிசையில் 7, நெடுவரிசையில் 3, இரண்டிலும் வரும் ஒன்றைக் கழித்தால் 9. ஐந்து முறையும் 9 வந்த பிறகே, லேபிள்களில் இருந்த எண்களை அழித்துவிட்டு வினா கேட்ட எழுத்துகளை இட்டேன்.