14 பக்கத்துக்கு ஒரு நேர்த்திக்கடன்

மகள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டால் பொற்கோயிலுக்கு வந்து கும்பிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டது மூன்று வருடத்துக்கு முன்பு. அவள் டெங்குவில் படுத்த இரவு அது. சுவாமிமலை முருகனோடு குரு நானக்கையும் சேர்த்தே கூப்பிட்டேன்.

கும்பகோணத்துப் பெண்ணுக்கு அமிர்தசரஸில் என்ன ஆராய்ச்சி என்று கேட்காத உறவினர் இல்லை. குரு நானக் இயற்றிய 'ஆசா தி வார்' என்ற பாடல் தொகுப்பைப் பற்றித்தான். சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபின் 1430 பக்கங்களில் அது 462 முதல் 475 வரை. எந்தப் பிரதியைத் திறந்தாலும் அதே பக்கத்தில் அதே வரி இருக்குமாம். பக்கம் என்றும் சொல்ல மாட்டார்கள், அங்கம் என்பார்கள். அவர்களுக்கு அந்த நூலே குருவின் திருமேனி அல்லவா! "14 பக்கத்துக்கு ஐந்து வருடமா?" என்று அவள் அப்பா கேட்டார். தேவாரத்தைப் பண்முறையாக அடுக்கியதுபோல இதை ராகமுறையாக அடுக்கியிருக்கிறார்கள் என்று ஆரம்பித்து அவள் ஒரு மணி நேரம் பேசினாள். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

முதல் நாள் குரு நானக் தேவ் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனாள். குருவின் 500ஆம் பிறந்த ஆண்டை ஒட்டி 1969 நவம்பர் 24 அன்று தொடங்கியது. அவர் வாக்கைப் படிப்பதற்கென்றே அங்கே ஒரு துறை. வாசலில் செருப்பைக் கழற்றப் போனேன், கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஆட்டோக்காரர் வாகா எல்லை, சால்வைக் கடை என்று வழியெல்லாம் நச்சரித்தார். இறங்கியதும் ஒரு பையன், தலையில் துணி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று இரண்டு ஆரஞ்சுத் துணியைக் காசுக்குத் தலையில் கட்டினான். நான்கடி தள்ளி வாசலில் அதே துணி கூடை நிறைய இலவசமாகக் கிடந்தது. போகட்டும்.

ஜனவரிக் குளிரில் பளிங்குத் தரை பாதத்தைக் கடித்தது. குளத்து நடுவே போகும் பாலத்தில் அந்த நேரத்திலும் அப்படி ஒரு கூட்டம். முன்னால் நின்ற பெரியவரின் முதுகில் முகம் அழுந்த, ஆய்வேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் பத்தடி நகர்ந்திருப்பேன். ஏன் வந்தோம் என்றுகூடத் தோன்றியது, பொய் சொல்வானேன்.

உள்ளே ஆசா தி வார் பாடிக்கொண்டிருந்தார்கள். தினமும் இந்த வேளைக்கு அதுதான். எனக்குப் பஞ்சாபி ஒரு சொல் தெரியாது. திடீரென்று "ஸோ க்யோ மந்தா ஆக்கியை" என்று கேட்டது. உடம்பு சிலிர்த்துவிட்டது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இவள் கணினி முன்னால் உட்கார்ந்து முணுமுணுத்த வரி! சமையலறையில் தோசை வார்த்தபடி அதைக் கேட்டிருக்கிறேன். அரசர்களைப் பெற்றெடுப்பவளை எப்படித் தாழ்ந்தவள் என்று சொல்வது என்று ஒருநாள் அர்த்தம் சொன்னாள். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருக்கிறாரே அந்த மகான்! "அம்மா, 473" என்று காதில் சொல்லி என் கையை இறுக்கினாள். இரண்டு பேரும் அழுதோம். கூட்டம் தள்ளியது தெரியவில்லை.

சந்நிதியில் நின்றது ஒரு நொடிதான். ஏட்டைக் குருவின் முன் நீட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன், கை எழும்பவே இல்லை. நெற்றியைத் தரையில் வைத்தேன், அவ்வளவுதான் நினைவிருக்கிறது. குருவே, பிழைக்க வைத்தீர்கள், எழுத வைத்தீர்கள். கேட்க வேறொன்றும் இல்லை.

வெளியே குளக்கரையில் உட்கார்ந்து கடா பிரசாதம் என்ற கோதுமை அல்வாவை வாயில் போட்டபோது நெய் வழிந்து ஆய்வேட்டின் அட்டையில் சொட்டியது. "அம்மா! இது நூலகத்துக்குக் கொடுக்க வேண்டிய பிரதி" என்று பதறி, துப்பட்டாவால் துடைக்க வந்தாள்.

துடைக்காதே, வேறு ஒன்று அச்சடித்துக் கொடு என்று சொல்லிவிட்டேன்.