சாவா மூவாப் பேராடும் ஒரு கற்பனைத் தெய்வமும்

கேம் ஸ்டூடியோவில் கதை எழுதுவது என் வேலை. சிங்கப்பூரில் ஒன்-நார்த் பக்கம் அலுவலகம். புது கேமுக்காக என்னிடம் வந்தது ஒரே வரி: வீழ்ந்த பேரரசு ஒன்றின் மறக்கப்பட்ட பெண் தெய்வம். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடிந்த கோபுரம், சுவரைப் பிளக்கும் வேர், மூக்குடைந்த சிலை. எங்கள் ஓவியர் மளமளவென்று வரைந்துவிட்டார். அழகாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. பேரரசு விழுந்தது சரி, கும்பிட்ட சனம் எல்லாம் எங்கே போனது?

சோழர் கல்வெட்டுகளைப் புரட்டினேன். கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடு கொடுப்பார்கள். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் கணக்கில் 96 குறையக் கூடாது. குட்டிகளை விட்டு ஈடுகட்டுவது இடையர் பாடு. சாவா மூவாப் பேராடு என்று இதற்குப் பெயர். என்ன ஒரு கறாரான ஏற்பாடு! ஆனால் கணக்குக் கேட்க ஆள் இருக்கும்வரைதான் இது ஓடும். அரசு சரிந்தால், தெய்வத்தை வீழ்த்தப் போரோ சாபமோ வேண்டாம், நெய் வரத்து நின்றாலே போதும்.

கூட்டத்தில் இதைச் சொன்னதும் எங்கள் புரோகிராமருக்குக் குஷியாகிவிட்டது. பட்டுக்கோட்டைக்காரர். “அக்கா, மந்தை குறைஞ்சா நெய் குறையும், நெய் குறைஞ்சா சாமிக்கு பவர் குறையும். சூப்பரா செய்யலாம்” என்றார். ஆட்டை வெட்டிப் பலி கொடுப்பதா என்று தயாரிப்பாளர் பதறினார். பால் கறக்கத்தான் என்று சமாதானம் சொன்னோம்.

அப்புறம் பேச்சு நிசும்பன் என்ற அசுரனை வதைத்த நிசும்பசூதனிக்குப் போனது. 9-ஆம் நூற்றாண்டில் தஞ்சையைப் பிடித்ததும் விசயாலய சோழன் இந்தத் தேவியைத்தான் அங்கே நிறுவினான் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. சோழ அரசு 1279-ஓடு முடிந்தது. இன்று தஞ்சையில் வடபத்திரகாளி என்று கும்பிடப்படுபவள் அவளேதான் என்று சொல்பவர்கள் உண்டு. “எங்க பெரியம்மா அங்க வேண்டிக்கிட்டு வந்தாங்கக்கா. விசயாலயன் யாருன்னு கேட்டா முழிப்பாங்க” என்றார் புரோகிராமர்.

நம் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனையும் அன்று நினைத்துக்கொண்டேன். 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே அதற்கு ஒரு பழைய பெயர். கம்பம் என்றால் இங்கே கிராமம். கூலிக்கு வந்தவர்கள் கும்பிட்ட காளி. ராஜாவும் இல்லை, 96 ஆடும் இல்லை. வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள், நிற்க இடம் கிடைக்காது.

கதையை மாற்றினேன். எங்கள் தெய்வத்துக்கு இப்போது பாழடைந்த கோயில் கிடையாது. மீன் சந்தை ஓரத்தில் நிற்கிறாள். படைகளுக்கு வெற்றி தந்தவள், இன்று குழந்தைகளுக்குக் காய்ச்சல் இறங்க வேண்டிக்கொள்ளும் சாமி. பழைய பெயர் யாருக்கும் தெரியாது. கையில் கல் வாள் மட்டும் இருக்கிறது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஓவியர் அதில் ஒரு வேலை செய்தார் பாருங்கள்: பக்கத்துக் கடை மீன்காரி அந்த வாள் நுனியில்தான் தராசைத் தொங்கவிட்டிருக்கிறாள். கயிறு உரசி உரசிக் கல்லில் பள்ளம் விழுந்திருக்கிறது. நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்த வரலாற்றில் பாதியை அதைப் பார்த்ததும் அடித்துவிட்டேன்.

ஆட்டு மந்தை கேமில் இல்லை. நேரம் போதாது என்று வெட்டிவிட்டார்கள். இந்தத் துறையில் இது சகஜம்.

முடிவில்தான் இன்னும் இழுபறி. தேவியை எழுப்பினால் அவள் பேரரசைத் திரும்பக் கேட்டுச் சண்டை போட வேண்டும் என்கிறார் தயாரிப்பாளர். அவளுக்கு அதெல்லாம் எதற்கு என்பது என் கட்சி. விளையாட வருகிறவர்கள் சண்டை கேட்பார்கள் என்பதும் நியாயம்தான். இரண்டு முடிவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதை வைத்தாலும் மீன்காரியைச் சாகடிக்கக் கூடாது என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.