ஓரியூர் மண்

அப்பா படுத்த படுக்கையாகி ஒன்றரை வருடம் ஆகிறது. ஒருநாள் அம்மா, "ஓரியூர் போயிட்டு வருவோம்பா. அருளானந்தர் மண்ணை எடுத்துவந்து அப்பா காலில் தடவணும்" என்றார். அக்காவை வீட்டில் துணைக்கு வைத்துவிட்டு, பிப்ரவரியில் ஒருநாள் காலை தேவகோட்டையில் பஸ் ஏறினோம். திருவாடானை வழியாகப் பயணம்.

ஓரியூர் புனித அருளானந்தர் கோயிலில் அன்று கூட்டமில்லை. அம்மா மெழுகுவத்தி ஏற்றி வைத்து நெடுநேரம் முழந்தாளில் இருந்தார். அப்புறம் மண் அள்ள வந்தோம். சிவந்த மணல். போர்ச்சுகலிலிருந்து வந்த குருவான புனித அருளானந்தரை 1693 பிப்ரவரி 4 அன்று இங்கேதான் வெட்டினார்கள். அவர் சிந்திய இரத்தத்தில் சிவந்த மண் என்பது மக்களின் நம்பிக்கை. எங்களுக்குப் பக்கத்தில் நெற்றியில் குங்குமம் வைத்த ஒரு பாட்டியும் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தார். மதம் பார்த்து யாரும் இங்கே வருவதில்லை.

அவரை வெட்டிய அந்த நாள் திருநீற்றுப் புதன். 'மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்' என்று திருச்சபை நினைவூட்டும் நாள். அன்றைக்கே அவர் இந்த மண்ணில் விழுந்திருக்கிறார். மணலைக் கையில் வைத்துக்கொண்டு அதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் என்னை அதிகம் உலுக்குவது அவர் சாவு அல்ல, அவர் திரும்பி வந்ததுதான். லிஸ்பனில் 1647இல் பிறந்தவர். அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு வளர்ந்தவர். சிறுவயதில் நோயில் விழுந்தபோது அவருடைய தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார், பிள்ளை பிழைத்தது. 1673இல் அந்தப் பிள்ளை சேசு சபைக் குருவாக இந்தியாவுக்குக் கப்பலேறியது. மதுரை மிஷனுக்கு வந்தவர் காவி உடுத்தினார், கறியையும் மீனையும் விட்டார், ஜான் டி பிரிட்டோ என்ற பெயரைக்கூட விட்டு அருளானந்தர் ஆனார். 1686இல் மறவ நாட்டில், அதாவது இந்த ராமநாதபுரம் பக்கத்தில், பிடித்துச் சித்திரவதை செய்து, இனி இந்தப் பக்கம் வராதே என்று விட்டார்கள். மிஷன் வேலையாக லிஸ்பன் போனார். கூட வளர்ந்த இளவரசர் இப்போது அரசர். இங்கேயே இரும் என்று கேட்டுக்கொண்டார். இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1690இல் திரும்பி வந்தார், அதே மறவ நாட்டுக்கே. மறவ இளவரசர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியோடு வாழ்வதென்று மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவ நாட்டை ஆண்ட சேதுபதியின் உறவுப்பெண். அந்தக் கோபம்தான் அருளானந்தர் கழுத்தில் இறங்கியது.

தலையைக் கொடுத்தது ஒருநாள்தான். அதற்கு முன் இருபது வருடம் சாப்பாடு, உடை, பேச்சு, ஊர் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். கிறிஸ்து 'தம்மையே வெறுமையாக்கி' அடிமையின் வடிவை ஏற்றார் என்று பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதிய வரியைப் பூசையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஓரியூரில்தான் அது எனக்குள் இறங்கியது.

ஏனென்றால் நான் கணக்கு வைத்திருந்தவன். எத்தனை ராத்திரி விழித்தேன், எத்தனை நாள் லீவு போட்டேன், அண்ணன் எத்தனை முறை வந்தான் என்று எல்லாம் மனசில் எழுதி வைத்திருந்தேன். அன்று அதைச் சொல்லி அழத்தான் போயிருந்தேன். அம்மா ஒருநாளும் எண்ணியதில்லை. அப்பாவைப் புரட்டிப் போட்டுப் போட்டு அவருடைய வலது மணிக்கட்டு வீங்கியே இருக்கிறது. அந்தக் கையால்தான் மணலை அள்ளி முந்தானையில் முடிந்தார்.

"உங்க கையிலயும் கொஞ்சம் தடவிக்கோங்கம்மா" என்றேன்.

"எனக்கு எதுக்குப்பா? அப்பாவுக்குப் பத்தாமப் போயிடும்" என்றார்.

நான் அந்தக் கையைப் பிடித்து, கொஞ்சம் மணலெடுத்து மணிக்கட்டில் தடவினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி இரண்டு மணி இருக்கும். அப்பா முனகினார். அம்மா எழுந்திரிப்பதற்குள் நான் எழுந்து போனேன்.