மஞ்சள் பூவெல்லாம் களை இல்லை

ஆடி, ஆவணியில் நாலு நல்ல மழை விழுந்தால் போதும், காட்பாடிப் பக்கம் காலி மனை, வேலியோரம், கிணற்றடி எல்லாம் மஞ்சளாகிவிடும், எங்கள் தோட்டமும் அப்படித்தான். எல்லாம் களைதானே என்று ஆள் வைத்துக் கொத்தித் தள்ளிவிட்டு, கத்தரி காய் பிடிக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நிறத்தை மட்டும் வைத்துச் செடியைச் சொல்ல முடியாது. இலை, காய், பூ விரியும் நேரம் மூன்றையும் பாருங்கள். தரையோடு படர்ந்து, புளிய இலை போலச் சின்னச் சின்ன இலையோடு, காலையில் ஐந்து இதழ் விரித்திருந்தால் அது நெருஞ்சி. முள் காய் வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். நாலே இதழ், தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும், காய் மெலிதாக நீண்டிருக்கும் என்றால் நாய்க்கடுகு. காலையில் மூடிக் கிடந்து பொழுது சாயும்போது விரிகிறதா, இலை இதய வடிவில் மெத்தென்று இருக்கிறதா, அப்போது துத்தி. இந்தச் சின்னப் பூக்களில் கொம்புத்தேனீயும் கொசுத்தேனீயும் வந்து உட்காரும், கிட்டப் போய் நின்றாலும் அவை பாட்டுக்கு வேலையைப் பார்க்கும்.

ஆவாரைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நம்மூர் வெயிலுக்கும் கல் மண்ணுக்கும் அசராத செடி. அதன் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான், அதுவும் மகரந்தப்பையின் நுனியில் உள்ள சின்ன ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும். கறுப்பாகப் பெரிதாக இருக்கும் தச்சுத்தேனீ பூவை இறுகப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும், 'ர்ர்ர்' என்று சத்தம் கேட்கும், மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரிப் பூவும் தக்காளிப் பூவும் இதே மாதிரி ஓட்டை வைத்த பூக்கள்தான், அவற்றை உலுக்க வருவதும் இந்த மாதிரி தேனீக்கள்தான். அதனால் கத்தரிப் பாத்திக்குப் பக்கத்து வேலியில் ஆவாரை ரெண்டு நிற்பது நல்லது, அவை வருஷத்தில் பல மாதம் பூத்துக்கொண்டே இருக்கும். தச்சுத்தேனீ பட்ட கட்டையைக் குடைந்துதான் கூடு வைக்கும், காய்ந்த முருங்கைக் கிளை ஒன்று மூலையில் கிடந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் நெருஞ்சி வேண்டாம், காய் முற்றுவதற்குள் எடுத்துவிடுங்கள். அப்புறம் பிரம்மத்தண்டு. இலையெல்லாம் முள், உடைத்தால் மஞ்சள் பால் வடியும். விதை கடுகு மாதிரியே இருக்கும், ஆனால் விஷம், கடுகெண்ணெயில் கலந்து உடம்பு நீர் கோத்துச் செத்தவர்கள் உண்டு. அதை மட்டும் எவ்வளவு அழகாகப் பூத்திருந்தாலும் கையுறை போட்டு வேரோடு எடுத்துவிடுவேன்.